வால் விளக்கு

என் மேசை இழுப்பறையில் மூன்றடி நீளத்தில் ஒரு நீல நிற நெட்வொர்க் கேபிள் கிடக்கிறது. அதில் ஒரு பழுதும் இல்லை. இன்று மாட்டினாலும் வேலை செய்யும். 2002ஆம் ஆண்டு ஓர் அலுவலகத்தின் நான்காவது மாடியில் அதைப் பிடுங்கி எடுத்தேன். இருபது வருடத்துக்கு மேலாகியும் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஆசிரியனாக நான் எதைச் செய்யாமல் விட்டேன் என்று எனக்குக் காட்டியது அந்தக் கேபிள்தான்.

அன்று மத்தியானம் என் பழைய மாணவன் போன் செய்தான். நான் வேலை பார்த்த கல்லூரியில் நெட்வொர்க் பாடத்தில் முதலாவதாக வந்த பையன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "சார், நாலாவது மாடி முழுக்க நெட்வொர்க் போச்சு. சுவிட்ச்ல இருக்கிற லைட்டு எல்லாம் ஒன்னா கண்ணடிக்குது. ரெண்டு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். திரும்பவும் அதேதான். மேனேஜர் பக்கத்துலயே நிக்கிறாரு சார்." குரல் நடுங்கியது.

கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் எல்ஆர்டி ரயில் ஏறிப் போனேன். அறைக்குள் நுழைந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. யாரோ மேசையை நகர்த்தியிருக்கிறார்கள். கேபிளின் ஒரு முனை தரையில் தொங்கியிருக்கிறது. அனாதையாகக் கிடக்கிறதே என்று நல்ல மனதோடு அதைக் காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டார்கள். இரண்டு முனையும் ஒரே சுவிட்ச்சில். ஒரு கணினி 'எல்லாருக்கும்' என்று ஒரு செய்தி அனுப்பினால் சுவிட்ச் அதை, வந்த வாசல் தவிர மற்ற எல்லா வாசல் வழியாகவும் வெளியே தள்ளும். ஒரு வாசலில் போனது அந்தக் கேபிளைச் சுற்றிக்கொண்டு மறு வாசலில் திரும்பி வரும். சுவிட்ச்சுக்கு அது புதுச் செய்தி. மறுபடியும் மற்ற எல்லா வாசலுக்கும் தள்ளும். ஈத்தர்நெட் என்ற இந்த இணைப்பு முறையில் ஒரு செய்திக்கு இத்தனை முறைதான் சுற்றலாம் என்ற ஆயுள் கணக்கு கிடையாது. அது பாட்டுக்குச் சுற்றும், பெருகும், மாடி முழுவதையும் அமுக்கிவிடும். நான் ஒரு முனையைப் பிடுங்கினேன். சில நொடிகளில் விளக்குகள் தனித்தனியாக, சாவகாசமாக மின்னத் தொடங்கின.

கீழே கடையில் தே தாரிக் குடிக்கும்போது கேட்டேன். "ஸ்பேனிங் ட்ரீ படிச்சியே தம்பி?"

"படிச்சேன் சார். பத்து மார்க் கேள்வி. முழுசா எழுதினேன்."

எழுதியிருந்தான். அந்த விடைத்தாளைத் திருத்தியதும் நான்தான், பத்துக்குப் பத்து போட்டதும் நான்தான். இப்படிச் சுற்று விழுந்தால் சுவிட்ச்சுகள் தாங்களே பேசி ஒரு வழியை அடைத்துவிட வேண்டும் என்று 1985இல் ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி வகுத்த முறை அது. அந்த அலுவலகத்தில் இருந்தது மலிவான சுவிட்ச், அதில் அந்த வசதி இல்லை. ஆனால் முறை எதற்காக வந்ததோ அந்தக் கேடு கண்முன்னே நடந்தபோது பையனால் அடையாளம் காண முடியவில்லை. மாப்பிள்ளையின் ஜாதகம் மனப்பாடம். ஆள் வாசலில் வந்து நின்றபோது யாரென்று தெரியவில்லை. அது அவன் குற்றம் அல்ல. ஜாதகத்தை மட்டும் நான் கையில் கொடுத்திருந்தேன்.

என் அந்நாள் பாடக்கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது. ஓஎச்பி என்று ஒரு ஒளிபாய்ச்சும் பெட்டி இருந்ததே, அதற்கான கண்ணாடித் தாள்களில் நெட்வொர்க்கின் ஏழு அடுக்கையும் ஏழு நிறத்தில் வரைவேன். அம்புக்குறி, நிழல், கட்டம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து வரைந்திருக்கிறேன். மற்ற விரிவுரையாளர்கள் இரவல் வாங்கிப் போவார்கள். மாணவர்கள் தலைகுனிந்து பிரதி எடுப்பார்கள், தேர்வில் திருப்பி எழுதுவார்கள். வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைப் பாடம் இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் தாள்களில் எதுவுமே தொலைந்துபோகாது, எதுவுமே மோதிக்கொள்ளாது, எந்தச் செய்தியும் பாதியில் நிற்காது. நெறிமுறை என்று நாம் சொல்கிறோமே, அது தேவைப்படாத ஓர் உலகத்தை வரைந்து வைத்துக்கொண்டு நெறிமுறையைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அந்த வார இறுதியில் இம்பி பிளாசாவில் பழைய சுவிட்ச் இரண்டு வாங்கினேன். திங்கள்கிழமை வகுப்பில் கண்ணாடித் தாளை எடுக்கவே இல்லை. சுவிட்ச்சை மேசை நடுவில் வைத்து நான்கு கணினிகளை இணைத்தேன். விளக்கை அணைக்கச் சொன்னேன். எட்டு வாசல், எட்டுச் சின்னப் பச்சை விளக்கு. இணைப்புள்ள நான்கும் ஒன்று மாற்றி ஒன்று, வாசலில் உட்கார்ந்து பேசுகிறவர்களைப் போல நிதானமாக மின்னின. பிறகு அந்த நீலக் கேபிளின் இரண்டு முனையையும் ஒரு மாணவியிடம் கொடுத்து, காலி இடத்தில் செருகச் சொன்னேன். அவள் தயங்கினாள். "உடைஞ்சிடுமா சார்?" உடையாது என்றேன். செருகினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கணினி ஏதோ கேட்டது. அவ்வளவுதான், எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் படபடவென்று துடித்தன, பிறகு துடிப்பே தெரியாமல் கெட்டியாக எரிந்தன. பக்கத்துத் திரையில் செய்திப் பொட்டலங்களை எண்ணும் எண் ஓடிய வேகத்தில் கடைசி இலக்கங்களைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. பின்வரிசைப் பையன்கள் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார்கள். 'இதை யார் நிறுத்துவது, எப்படி நிறுத்துவது?' என்று அவர்கள் கேட்டார்கள். என் பதினைந்து வருட அனுபவத்தில் ஸ்பேனிங் ட்ரீ பாடத்தில் மாணவர் ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் முறை.

இதை நான் முன்பே அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால் என் தகப்பனார் ரயில்வேக்காரர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் குடிவருவதற்கு முன்னால் அவர் கிம்மாஸிலிருந்து தும்பாட்டுக்குப் போகும் கிழக்குப் பாதையில், காட்டு நடுவே சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் வேலை பார்த்தார். தடித்த அட்டை போட்ட ரயில்வே விதிப் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கும். "இதுல இருக்கிற ஒவ்வொரு வரிக்குப் பின்னாலயும் ஒரு விபத்து இருக்குடா" என்பார். சின்ன வயதில் அது எனக்குப் பயமாக இருந்தது. பிற்காலத்தில் ஆசிரியனானபோது எனக்கு அதைவிட நல்ல பாடத்திட்டம் ஒன்று கிடைத்திருக்க முடியாது. ஆனால் நான் அதை மறந்துபோனேன்.

அந்தப் பாதையில் ஒற்றைத் தண்டவாளம். இரண்டு பக்கத்திலிருந்தும் ரயில் வரும். மோதாமல் இருக்க டோக்கன் முறை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஓர் இரும்புக் கருவி. அடுத்த ஸ்டேஷனில் உள்ள கருவியோடு அதற்குக் கம்பித் தொடர்பு. அதிலிருந்து ஒரு சாவியை உருவினால் இரு பக்கக் கருவியும் பூட்டிக்கொள்ளும். அந்தச் சாவி மறுமுனைக்குப் போய்க் கருவிக்குள் திரும்பச் சேரும் வரை இன்னொன்றை உருவ முடியாது. சாவி கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. சாவியைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையம் ஒன்றில் கட்டி, ஓடுகிற ரயிலிலிருந்து ஓட்டுநர் கையை நீட்டி வாங்குவதற்கு வாகாக அப்பா தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த வளையத்தை நான் தலையில் மாட்டிக்கொண்டு விளையாடி அடி வாங்கியிருக்கிறேன்.

1980களின் கடைசியில் நான் முதன்முதலாகப் பார்த்த கணினி வலையமைப்பு ஐபிஎம் நிறுவனத்தின் டோக்கன் ரிங். வளையமாக இணைந்த கணினிகளுக்குள் ஒரு டோக்கன் சுற்றிவரும், அது கையில் இருப்பவர் மட்டும் பேசலாம். கையேட்டைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பாவின் சாவி! ஆனாலும் வகுப்பில் அதைச் சொல்லவில்லை. வீட்டுக் கதையை வகுப்பில் பேசினால் பாடத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று நினைத்த காலம் அது. சுவிட்ச் சம்பவத்துக்குப் பிறகுதான் பழைய வளையம் ஒன்றைப் போலப் பிரம்பில் செய்து வகுப்புக்கு எடுத்துப் போனேன்.

டோக்கன் ரிங்கை ஈத்தர்நெட் தோற்கடித்துவிட்டது, அது வேறு கதை. ஆனால் ஈத்தர்நெட்டைப் புரியவைக்க டோக்கனைப் போல் ஒரு வாசல் கிடைக்காது. முதலில் ஒழுங்கான முறையைக் காட்டிவிட்டு, பிறகு டோக்கனைப் பிடுங்கிவிட வேண்டும். "யார் கையிலும் சாவி இல்லை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து இருபது வரை எண்ண வேண்டும். யார் எந்த எண்ணைச் சொல்வது என்று பேசி வைக்கக் கூடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் சொன்னால் மறுபடி ஒன்றிலிருந்து." முதல் சுற்றில் நாலைத் தாண்ட மாட்டார்கள். மோதியவர்கள் இருவரும் உடனே மறுபடி வாயைத் திறப்பார்கள், மறுபடி மோதுவார்கள். அப்போது ஆளுக்கொரு பகடையைக் கொடுத்து, மோதினால் உருட்டி வந்த எண்ணிக்கை அளவுக்கு மனதுக்குள் எண்ணிவிட்டுப் பேசச் சொல்வேன். இருபதை எட்டிவிடுவார்கள். பேசுமுன் கேள், மோதினால் நிறுத்து, ஆளுக்கொரு நேரம் பொறுத்துப் பேசு. 1973இல் ராபர்ட் மெட்காஃப் எழுதிவைத்த ஈத்தர்நெட்டின் உயிர் அதுதான். பெயரை நான் சொல்லும்போது பிள்ளைகள் அதைச் செய்து முடித்திருப்பார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு சாலாக் செலாத்தானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறேன். 2017இல் இடைநிலைப்பள்ளிப் படிவம் ஒன்று மாணவர்களுக்கு அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் தன் மகனை அழைத்து வந்து, "சார், இவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்றாள். ஒருவன் பன்னிரண்டு பேரானான். மண்டபத்தில் கணினி கிடையாது. மடக்கு மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மின்விசிறி. வெளியே எல்ஆர்டியும் கொமுட்டர் ரயிலும் போகும் சத்தம். எனக்கு அது போதுமாக இருந்தது. நியூசிலாந்தில் டிம் பெல் என்ற பேராசிரியரும் நண்பர்களும் கணினியே இல்லாமல் கணினி அறிவியல் கற்பிக்கும் விளையாட்டுகளைப் பல வருடமாக உருவாக்கியிருக்கிறார்கள். அதைப் படித்து எனக்குத் தைரியம் வந்தது. ஆனால் அவர்கள் விளையாட்டை அப்படியே எடுக்கவில்லை. நம் பிள்ளைகள் எதற்குச் சிரிப்பார்கள், எதற்குப் பதறுவார்கள் என்பது நமக்குத்தானே தெரியும்.

பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில், தாளுக்கு ஒரு சொல்லாக, எட்டுத் தாளில் ஒரு செய்தி எழுதினோம்: நாளை, மத்தியானம், ஐந்து, பேர், சாப்பிட, வருகிறோம், கறி, வேண்டாம். மண்டபத்தின் ஒரு கோடியில் அனுப்பும் குழு, மறுகோடியில் பெறும் குழு. நடுவே மூன்று மேசை, மூன்று பிள்ளைகள். அவர்கள்தான் ரவுட்டர்கள். ஆளுக்கொரு பகடை, ஒரு பிஸ்கட் டின். தாள் கைக்கு வந்தால் பகடையை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் தாள் டின்னுக்குள். மற்ற எண் விழுந்தால் அடுத்தவருக்கு. எந்த மேசை வழியாகவும் அனுப்பலாம். பேசக் கூடாது. விதி இவ்வளவுதான், வேறு எதுவும் நான் சொல்லவில்லை.

பெறும் குழுவுக்கு ஆறு தாள் கிடைத்தது, அதுவும் முன்பின்னாக. தரையில் பரப்பி அடுக்கினார்கள். 'நாளை மத்தியானம் பேர் சாப்பிட வருகிறோம் கறி.' ஒரு பையன் குஷியாக, "கறியோட சாப்பாடு சார்!" என்றான். அந்தக் கோடியிலிருந்து ஒரு பெண் பிள்ளை அலறினாள், "ஐயோ, எங்க வீட்ல வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டோம்!" 'வேண்டாம்' இரண்டாவது மேசையின் பிஸ்கட் டின்னில் கிடந்தது.

இரண்டாவது சுற்றுக்கு அவர்களே தாளின் மூலையில் எண் போட்டார்கள். வரிசை சரியானது. தொலைந்தது எது என்றும் தெரிந்தது, ஆனால் அனுப்பியவருக்கு அதை எப்படிச் சொல்வது? மூன்றாவது சுற்றில் 'வந்துடுச்சு' என்று எழுதிய சீட்டுகள் திரும்பி வரத் தொடங்கின. அந்தச் சீட்டும் மேசை வழியாகத்தானே வர வேண்டும்! நாலாம் எண்ணுக்கான சீட்டு டின்னில் விழுந்தது. அனுப்பும் குழு கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு நாலாம் தாளை மறுபடி அனுப்பியது. பெறும் குழுவில் இரண்டு நாலு. அடுத்து மூன்றும் அப்படியே ஆனது. "ஐந்து ஐந்து பேர் பேர் வந்திருக்கு சார். அப்போ பத்துப் பேரா?" என்று கேட்டான் கடைக்குட்டி. யாரும் சிரிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார்கள். ஒரே எண் இரண்டு வந்தால் ஒன்றைத் தூர வை, ஆனால் 'வந்துடுச்சு' என்று மறுபடியும் சொல்லு. இந்த விதிக்கு வர அவர்களுக்குக் கால் மணி நேரம் ஆனது. நான் சுவரில் சாய்ந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஆசிரியராக இருப்பதில் ஆகச் சிரமமான வேலை அதுதான்.

எண், ஏற்புச் சீட்டு, பொறுத்திருந்து மறுபடி அனுப்புவது, இரட்டையைத் தள்ளுவது. வின்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974இல் வெளியிட்ட கட்டுரையின் மையமும் 1983 சனவரி முதல் நாள் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் முழுவதும் மாறிய டிசிபி நெறிமுறையின் மையமும் இவைதான். கடைசியில் தொலைப்பேசியில் இருவர் 'கேக்குதா?', 'கேக்குது, நான் பேசுறது கேக்குதா?', 'கேக்குது' என்று தொடங்குவதைச் சேர்த்துக்கொண்டால் மூன்று படிக் கைகுலுக்கலும் ஆயிற்று. இதை எல்லாரும் முதலில் சொல்லித் தொடங்குவார்கள். தொலைவதைப் பார்த்த பிறகு சொன்னால்தான் ஏன் மூன்று முறை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பது என் அனுபவம்.

அடுத்த வாரம் செய்தியை நாற்பது தாளாக்கினேன், பகடையை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில், ஒரு மேசையில் ஒரே நேரத்தில் ஐந்து தாள்தான் இருக்கலாம், மிஞ்சினால் டின். அனுப்பும் குழு மொத்தத்தையும் கொட்டியது. மேசை நிரம்பியது, டின் நிரம்பியது. ஏற்புச் சீட்டு வராததால் மறுபடியும் கொட்டினார்கள். பத்து நிமிடத்தில் மறுகோடிக்கு உருப்படியாக எதுவும் போய்ச் சேரவில்லை. எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது. "சுங்கை பெசி ஹைவே ஜேம் மாதிரி இருக்கு சார்" என்றான் ஒருவன். அப்போது அவர்களுக்கு 1986 அக்டோபரில் நடந்ததைச் சொன்னேன். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜ தூரம். நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த பாதையில் திடீரென்று நொடிக்கு 40 பிட்தான் போனது. வயர் அறுபடவில்லை, இயந்திரம் கெடவில்லை. எல்லாரும் தொலைந்ததை மறுபடி மறுபடி அனுப்பியதே அடைப்பானது. வேன் ஜேகப்சன் அதை ஆராய்ந்து 1988இல் தீர்வு சொன்னார். ஒன்றில் தொடங்கு. ஏற்பு வந்தால் இரண்டு, பிறகு நாலு. தொலைந்தால் உடனே அடங்கி மறுபடி ஒன்றிலிருந்து ஏறு. பிள்ளைகள் அதே விதியில் ஆடிப் பார்த்தார்கள். நாற்பது தாளும் போய்ச் சேர்ந்தன. தனக்கு அவசரமாக இருக்கும்போதுதான் ஒருவன் அடங்கிப் போக வேண்டும் என்பதை ஒரு பதின்மூன்று வயதுப் பையன் உடம்பால் உணர்ந்த இடம் அது. நான் அறுபதில்கூட அதைச் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை.

முகவரி மாற்றித் தரும் நாட் என்ற முறைக்கு எங்கள் வாசல் காவலாளியான ஜாகாவே பாடக்கருவி. சாப்பாடு கொண்டுவரும் கிராப்காரனுக்கு எங்கள் அடுக்குமாடியின் முகவரி ஒன்றுதான் தெரியும். ஜாகாவின் நோட்டுப் புத்தகத்தில்தான் எந்தச் சாப்பாடு எந்த வீட்டுக்கு என்று இருக்கும். உள்ளேயிருந்து யாரும் சொல்லிவைக்காத பார்சல் வந்தால் அவர் திருப்பி அனுப்பிவிடுவார். அடுக்குமாடி முகவரி வெளி ஐபி, சாப்பாட்டு ஆர்டர் போர்ட், வீட்டு எண் உள் ஐபி, நோட்டுதான் நாட் அட்டவணை. பிள்ளைகளை அவரிடமே அழைத்துப் போனேன். நேப்பாளத்திலிருந்து வந்த அந்த மனிதர் தன் நோட்டை விரித்து ஒவ்வொரு கட்டமாக விளக்கினார். அன்று பாடம் நடத்தியது அவர்தான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று இன்னொரு பாடம் வைத்திருக்கிறேன். 1990களின் கடைசியில் நான் சென்னையில் இருந்த நண்பருக்குத் தமிழில் மின்னஞ்சல் எழுதினால் அவருக்குப் போய்ச் சேர்வது கேள்விக்குறியும் கோணல் எழுத்துகளுமாக இருக்கும். பொட்டலம் தொலையவில்லை, ஒரு பிட்கூட மாறவில்லை. ஆனால் என் கணினியில் ஒரு எழுத்துக் குறியீடு, அவர் கணினியில் வேறு. போய்ச் சேர்வது வேறு, புரிவது வேறு. நம் மலேசியக்காரர் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளை ஏற்றிக்கொண்ட பிறகுதான் நாங்கள் இருவரும் ஒழுங்காகப் பேசிக்கொண்டோம். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு இங்கே கோலாலம்பூரில் நடந்தபோது பார்வையாளனாகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். இன்று யூனிகோடு இருப்பதால் பிள்ளைகளுக்கு அந்தத் தவிப்பு தெரியாது. அதனால் வகுப்பில் அதை உண்டாக்கிக் காட்டுகிறேன். 2949, 2990, 3021, 2990, 3006. ஐந்து எண்களை ஐந்து தாளில் அனுப்பி, ஒரு குழுவுக்கு யூனிகோடு அட்டவணையும் இன்னொரு குழுவுக்கு நானே இட்டுக்கட்டிய அட்டவணையும் கொடுப்பேன். ஒரு குழு உளறும். மற்றது, அ, ம, புள்ளி, ம, கால் என்று ஒவ்வொன்றாக வைத்து 'அம்மா' என்று வாய்விட்டுப் படிக்கும். அந்த இடத்தில் மண்டபம் ஒரு கணம் அமைதியாகும். அது பழைய கல்லூரி அமைதி அல்ல.

இளைய ஆசிரியர்கள் சிலர் வந்து பார்த்துவிட்டு, இதையெல்லாம் ஏன் கணினியிலேயே செய்யக் கூடாது என்று கேட்கிறார்கள். சிஸ்கோவின் பேக்கெட் ட்ரேசர் நல்ல கருவி, வயர்ஷார்க் அதைவிட நல்லது. நானும் காட்டுகிறேன், ஆனால் தாள் விளையாட்டுக்குப் பிறகு. வயர்ஷார்க் திரையில் வரிசை எண்ணைக் கண்டதும், "சார், இது நம்ம மூலையில போட்ட நம்பர்!" என்று கத்துகிற பிள்ளைக்கு அந்தத் திரை பயமாக இருக்காது. முதலிலேயே திரையைக் காட்டினால் நிறம் நிறமாக வரிகள் ஓடும், என் பழைய கண்ணாடித் தாள்களைப் போல.

விளையாட்டிலும் ஆபத்து உண்டு. கூத்தாகவே முடிந்துவிட்டால் பிஸ்கட் டின் நினைவிருக்கும், நெறிமுறை நினைவிருக்காது. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் என்ன கெட்டது, என்ன விதி போட்டீர்கள் என்று அவர்களையே ஒரு வரி எழுதச் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் பெயர். உவமை எங்கே உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் சாவி ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் வெளியே இருக்கும், பிரதி எடுக்க முடியாது. வலையில் போகும் செய்திக்கு எத்தனை பிரதியும் எடுக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளை பத்து வருடம் தவறான படத்தைச் சுமந்து திரியும்.

அந்த எட்டுத் தாள் விளையாட்டில் ஒரு கேள்வி மட்டும் பல வாரம் தீராமல் இருந்தது. 'கறி' வரை ஏழு தாள் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டால், எட்டாவது ஒன்று இருக்கிறது என்று பெறுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? 'முடிஞ்சிடுச்சா சார்?' என்று என்னைத்தான் பார்ப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். ஒரு சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாத அந்தப் பெண், சிவப்புப் பேனாவை வாங்கிப் போய் எட்டாவது தாளின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். பொட்டு வராத வரை முடியவில்லை என்று அர்த்தம் என்றாள். டிசிபியில் முடிவைச் சொல்லும் 'ஃபின்' என்ற ஒற்றை பிட்டை அவள் நெற்றிப்பொட்டாக வைத்துவிட்டாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். கிழக்குப் பாதை ஸ்டேஷனில் ராத்திரி வண்டி போகும்போது அப்பா வளையத்தைக் கொடுத்து, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்ட பிறகும் உள்ளே வர மாட்டார். மழையானாலும் நடைமேடையிலேயே நின்று, பெட்டிகள் எல்லாம் கடந்து போகும் வரை கண் இமைக்காமல் பார்ப்பார். கடைசிப் பெட்டியின் பின்னால் தொங்கும் சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகுதான் முந்தின ஸ்டேஷனுக்கு மணி அடித்து, வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று சொல்வார். நடுவழியில் பெட்டி கழன்று பாதையில் நின்றுவிட்டால் அந்த விளக்கு வராது. சாப்பாடு ஆறிப்போகுதே என்று அம்மா கூப்பிடுவார்கள். "வால் விளக்கு பார்க்கணும்ல" என்று இருட்டிலிருந்து பதில் வரும்.

பிள்ளைகள் அடுத்த சுற்றுக்குத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே சிரம்பான் பக்கம் போகும் கொமுட்டர் கடந்தது. அந்தப் பெண் மறுகோடியில் முழங்காலிட்டு, ஒவ்வொரு தாளையும் திருப்பித் திருப்பி ஓரத்தில் சிவப்புப் பொட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.